மூன்றாம் தரம் கேட்காத ஊர்

ஹூஸ்டன், 12 மார்ச் 1982

பாப்பாவுக்கு ஐந்து மாதம் முடிந்தது. டாக்டரம்மா இன்றைக்கும் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எடை ஏறவில்லை. "நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நீ சாப்பிட்டால்தான் அதற்குப் பால்" என்றாள். இவரும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மதுரையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்தவள் நான். பாலூட்டிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். என்ன பிரயோசனம்?

14 மார்ச், ஞாயிறு

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

ஏசுதாசன் அண்ணனும் ஜெபராணி அக்காவும் இன்று எங்களை வெளியே சாப்பிட அழைத்துப் போனார்கள். அக்காவுக்குப் போடி, கடைத்தெருவில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம். இங்கே வந்து ஒன்பது வருடமாகிறது. தேனிக்காரி ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாளே என்று என்னிடம் பிரியமாகத்தான் இருப்பார்கள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன இடத்துக்கு கிரில் என்று பெயர். சுவரெல்லாம் வண்டிச் சக்கரமும் குதிரை லாடமும். நம்மூரில் கொல்லையில் எறிவதை இங்கே ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததுமே கரி நெருப்பில் கோழியும் சோளக்கதிரும் வாட்டுகிற வாசனை. பாப்பா காலையிலிருந்து இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு துண்டு ரொட்டி தின்றதோடு கிளம்பியிருந்தேன். எப்படி இருந்திருக்கும் எனக்கு?

"என்ன வேணுமோ சொல்லு தங்கச்சி, இன்னைக்கு நம்ம விருந்து" என்றார் அண்ணன்.

விருந்துக்குக் கூப்பிட்டவர்களிடம், கேட்ட உடனே இது கொண்டா அது கொண்டா என்று வாயைத் திறப்பேனா? "எனக்கு ஒண்ணும் வேணாம்ண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்றேன். கட்டம் போட்ட ஏப்ரன் கட்டின சர்வர் பெண் பென்சிலோடு என்னைப் பார்த்தாள். ஒன்றுமே வேண்டாமா என்றாள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.

அவ்வளவுதான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போயே போய்விட்டாள்!

நான் அக்காவைப் பார்த்தேன். அதெல்லாம் முடியாது, பச்சை உடம்புக்காரி, அவளுக்கும் ஒன்று கொண்டுவாங்க என்று இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சொன்னது இதுதான்: "வயிறு சரியில்ல போல. விட்டுருங்க."

மூன்று பேருக்கும் இரும்புத் தட்டில் சுரீர் என்று புகையோடு வந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதிலும் பாதி ஐஸ். இவர் கோழிக்காலை முள்கரண்டியால் குத்தித் தூக்கி, "நல்லா வெந்திருக்கு" என்றார். என்னிடம்! யாரிடம் சொல்கிறோம் என்றாவது தெரிந்ததா இந்த மனுஷனுக்கு?

மிச்சத்தை அட்டைப் பெட்டியில் கட்டி வாங்கி, அக்கா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கார் பூராவும் அந்த வாசனை. பின் சீட்டில் பாப்பா சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. இருந்தால்தானே வரும்?

15 மார்ச்

கேட்டுவிட்டேன்.

"நீதான வேணாம்னு சொன்ன?" என்கிறார்.

"சொன்னா? அப்படியே விட்டுர்றதா?"

"ரெண்டு தரம் கேட்டாக பூமாரி. ரெண்டு தரமும் வேணாம்ன."

"மூணாந்தரம் கேக்கணும்ல!"

சிரித்தார். சிரிக்கிறார்! "இங்கன வேணாம்னா வேணாந்தான். அதுக்கு மேல வற்புறுத்துனா மரியாத இல்ல" என்று எனக்குப் பாடம் வேறு.

அந்தச் சர்வர் பெண் வெள்ளைக்காரி, அவளுக்குத் தெரியாது. அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இவருக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக்கு மறுவீடு வந்தபோது இலை மேல் இரண்டு கையையும் கவிழ்த்துக்கொண்டு போதும் போதும் என்றாரே. அம்மா விரலை விலக்கிவிட்டுத்தானே குழம்பை ஊற்றினாள்? அத்தனையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டாரே! கடல் தாண்டினதும் மறந்துபோகுமா?

அந்த ஜெபராணி அக்கா — பொங்கலுக்கு இங்கே வந்தபோது "ஐயோ, எனக்குப் போதும்த்தா" என்று தட்டை இழுத்து இழுத்து மறைத்தாளே. மூன்று கரண்டி நான் வைக்கவில்லையா? வைத்ததில் ஒரு பருக்கை மிஞ்சியதா?

வெளியில் சாப்பிடும்போது வெள்ளைக்காரி. என் வீட்டில் போடிக்காரி. நல்லா இருக்கு நியாயம்.

16 மார்ச்

மூன்று முட்டை அவித்து நின்றுகொண்டே தின்றேன். யாரும் எடுத்து வைக்கவில்லை, யாரும் இன்னொன்று என்று சொல்லவில்லை.

21 மார்ச்

அக்கா போன் செய்தாள். "வயிறு சரியாயிருச்சா பூமாரி?"

என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை, உங்கள் வாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரியாயிருச்சுக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் நாக்கை என்ன செய்தால் தகும்?

9 ஏப்ரல்

கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். டாக்டரம்மா இன்றைக்கு உதட்டைப் பிதுக்கவில்லை. கோபத்திலேயே தின்று தீர்த்த முட்டைகளுக்கு ஒரு கும்பிடு.

தேனி, 11 மே, செவ்வாய்

வீரபாண்டித் திருவிழாவுக்கென்று லீவு போட்டு வந்திருக்கிறோம். பாப்பாவுக்கு உடம்பு தேறினால் அழைத்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அதை எழுத வரவில்லை; மத்தியானம் நடந்ததை எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு. முதல் சோறு முடிந்ததும் அம்மா சட்டியோடு வந்தாள். இவர் வழக்கம்போல இரண்டு கையையும் இலை மேல் கவிழ்த்தார். "போதும் அத்தை. வயிறு நிறைஞ்சுபோச்சு."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. அங்கே மறந்த வழக்கம் தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஞாபகம் வந்துவிட்டதாக்கும்!

அம்மாவின் கையைப் பிடித்தேன். "வேணாம்னா வேணாந்தாம்மா. வற்புறுத்துனா மரியாத இல்லையாம்."

"ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஒரு வாய்ச் சோத்தோட எந்திரிக்கவா விடுறது?"

"ஒருதரம் கேட்டியா? கேட்ட. வேணாம்னு சொன்னாகளா? சொன்னாக. சட்டிய உள்ள கொண்டு போ."

அம்மா என்னையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது? உன் மகள் அத்தனை தூரத்தில், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில், மடியில் பிள்ளையோடு ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் தாங்குவாளா?

சாயங்காலம் வீரபாண்டியில் கூட்டத்தில் இவரைக் காணோம். தேடிப் போனால் ராட்டினத்துக்குப் பின்னால் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"பசிச்ச வயித்தோட போதும்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்கறது..." என்று ஆரம்பித்தார்.

"ஒங்களுக்கு ஒரு வேளைதான். பால் குடிக்கிற பிள்ளையும் இல்ல" என்றேன்.

பரோட்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இலையை என் பக்கம் தள்ளி வைத்தார். வேண்டாம் என்றேன். மறுபடியும் தள்ளினார். வேண்டாம் என்றேன். இன்னொரு தரம் தள்ளியிருந்தால் எடுத்திருப்பேன். பாப்பா அழுதது, எழுந்துவிட்டோம்.

ஹூஸ்டன், 13 ஜூன், ஞாயிறு

ஜெபராணி அக்காவின் அம்மா கொடுத்துவிட்ட ஏலக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்துக் கண் கலங்கினாள். உடனே, "வாங்க, வெளியில சாப்பிடப் போவம்" என்றாள். அதே கிரில். அதே சக்கரம், அதே லாடம். பென்சில் செருகின அதே பெண்.

இந்தத் தடவை இன்னதென்று கேட்டே தீருவது என்று காரிலேயே மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் "சொல்லு தங்கச்சி" என்றார். வாயைத் திறந்தேன். "ஒண்ணும் வேணாம்ண்ணே" என்றுதான் வந்தது. சனியன் பிடித்த வாய்! அந்தப் பெண்ணும் கேட்டாள். நோ, தேங்க்யூ.

பென்சில் காதுக்குப் போயிற்று. அக்கா மெனு அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் இவர் அந்தப் பெண்ணிடம், ஆங்கிலத்தில். "தயவுசெய்து இவளிடம் இன்னொரு முறை கேளுங்கள்."

அவள் முழித்தாள். "அவர்கள்தான் வேண்டாம் என்றார்களே?"

"இரண்டு தரம்தான் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் மூன்றாவது தரம்தான் கணக்கு."

ஜெபராணி அக்கா அடுக்கிய அட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அடியாத்தி" என்றாள், மெதுவாக. "அன்னைக்கும் அதானா?"

அந்தப் பெண் குனிந்து, கடைசியாகக் கேட்கிறேன் என்பதுபோலச் சிரித்துக்கொண்டு, என்னிடம் கேட்டாள்.

அரைக் கோழி, இரண்டு சோளக்கதிர், வெண்ணெய் தடவிச் சுட்ட உருளைக்கிழங்கு.