பஸ் ஏறாத கிறிஸ்துமஸ்

19-12-74, வியாழன்

பனி. கனகம்மாசத்திரம் தாண்டும் வரை முன்னால் போகும் மாட்டு வண்டிகூடத் தெரியவில்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ரைட்" என்று நான் கத்தினால் முன் சீட்டில் சிரிக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வேலூர், மேரியின் அண்ணன் வீடு. டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். எனக்கு இஷ்டமில்லை என்று இன்னும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க பஸ்ஸில் நிற்கிற கண்டக்டருக்குப் பண்டிகைக்கும் பஸ்தானா?

அது ஊருக்குச் சொல்ல. உண்மைக் காரணம் மகள் பேபி. மூன்று வயது ஆகப்போகிறது. நான் கிளம்பும்போதும் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். இன்று வண்டி ரிப்பேர், பகலிலேயே வீடு. வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள்.

"அம்மா, யாரோ வந்துகிறாங்க!"

யாரோ! மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலூரில் மாமன் பிள்ளைகள் ஒரு பட்டாளம். அந்தக் கூட்டத்தில் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மறுநாள் டூட்டி. மறுபடி நான் யாரோ.

21-12, சனி

வாங்க: நட்சத்திரத்துக்குச் சிவப்புத் தாள், மூங்கில் குச்சி. மண்ணெண்ணெய். தொண்டைக்குச் சித்தரத்தை.

சொல்லிவிட்டேன். "மேரி, இந்த வருஷம் வீட்லயே இருந்துடலாமே."

"உங்களுக்கு இன்னாங்க, ஊர் ஊரா சுத்திகினு கீறீங்க. நான் வருஷம் பூரா இந்த நாலு செவுத்தத்தான் பாத்துகினு கீறேன்."

நியாயம்தான். பேபியைப் பற்றிச் சொல்ல வெட்கம். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. அந்தச் சூட்டிலேயே, "சமையல் நான் பண்றேன். நீ அடுப்பாண்ட வரவே வேணாம்."

"நீங்களா?"

"ஆங்."

பெட்டி இன்னும் கீழேதான். ஆனால் ஒரு துணிகூட உள்ளே போகவில்லை. பார்க்கலாம்.

23-12, திங்கள்

லீவு கேட்டால் முதலாளி முகம் போன போக்கு! 31-ஆம் தேதி படித் திருவிழா, மலைக் கோயிலுக்கு ஸ்பெஷல் வண்டிகள். அதற்கு முன்னால் யாருக்கும் லீவு இல்லையாம்.

காப்பாற்றியது முனுசாமி. இன்னொரு கண்டக்டர், பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. "தாஸண்ணே, இருவத்தஞ்சு நான் ஏறிக்கிறேன். முப்பத்தொண்ணு நீங்க ஏறிக்கோங்க. மலைக்கு ஆள ஏத்திகினு வரேனே தவிர, ஒரு வருஷங்கூட நான் படி ஏறுனதில்லண்ணே."

ஒத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

வீட்டுக்கு வந்தால் பெட்டி பரண்மேல்! மேரி அண்ணனுக்குக் கார்டு போட்டுவிட்டாளாம். எனக்குத் தொண்டை சரியில்லை என்று. பொய்யும் இல்லை.

25-12, புதன்

விடியற்காலை ஆராதனை. மலையில் மார்கழிப் பாட்டு ஸ்பீக்கர், கீழே எங்கள் பாட்டு. பேபி மேரியின் தோளில். நான் சிரித்தேன். முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காக்கியை விட்டு வெள்ளைச் சட்டை போட்டது வீண்.

கறிக்குழம்பு. உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. "தள்ளுங்க" என்று மேரியே உருளைக்கிழங்கு அரிந்து போட்டுச் சரி செய்தாள். என் வாக்கு அவ்வளவுதான்.

மதியம் முறுக்கைக் காட்டிக் கூப்பிட்டேன். முறுக்கை வாங்கிக்கொண்டு ஓடிப்போனாள். கோபம்கூட வந்தது. பொழுது போகாமல் தோல் பையைத் துடைத்தேன், விசிலைத் துடைத்தேன், சும்மா ஒரு ஊது ஊதினேன். கதவு இடுக்கில் ஒரு கண்.

"இன்னாது அது?"

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

பாய்தான் பஸ். நான் டிரைவர், அவள் கண்டக்டர். "ஒரு விசில் ஊதுனா வண்டி நிக்கணும். ரெண்டு ஊதுனா போவணும்." நூறு தடவையாவது நின்று நின்று போயிருப்போம். மேரி கையைத் துடைத்துக்கொண்டே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"வேலூர் ஒண்ணு."

"இந்த வண்டி வேலூர் போவாதுங்க," என்றேன்.

"எப்பதான் போவும்?"

"பொங்கலுக்கு. கண்டிப்பா."

பேபி இரண்டு விசில் கொடுத்தாள். கிளம்பிவிட்டோம்.

பிறகு என் மடியிலேயே தூங்கிவிட்டாள், விசில் கையில். கால் மரத்துப்போயும் அசையவில்லை. எனக்கு இப்படி ஒரு கிறிஸ்துமஸ் வந்ததே இல்லை.

26-12, வியாழன்

அம்மையார்குப்பத்தில் வண்டி நிற்கும்போது எழுதுகிறேன். இன்று முதல் டிரிப்பே லேட். டிரைவர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் விசிலைக் காணோம். சட்டைப் பையில் இல்லை, தோல் பையில் இல்லை. நேரமாகிவிட்டது, வாயாலேயே சமாளிக்கலாம் என்று கிளம்பினேன். தெருமுனை. ஒரே பனி. பின்னால் விசில், ஒன்றே ஒன்று.

நின்றேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் பேபி, தூக்கக் கலக்கத்தோடு, விசில் வாயில். இரண்டாவது வரும் என்று காத்திருந்தேன். அவள் ஊதவில்லை.