நியூசிலாந்தில் கொடிக்கயிறு துடைத்தேன், அக்கா

என் செல்ல லூர்து அக்காவுக்கு,

கடல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் விமான நிலையத்துக்கே வந்து, "இன்னாடி, வெள்ளக்காரி ஆயிட்டியா?" என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதனால் நீ கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

என் கொழுந்தன் பீட்டர் நியூசிலாந்தில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருக்கிறான் இல்லையா, அவன் வீட்டுக்குத்தான் மே மாத லீவில் போனோம். நானும் ராபர்ட்டும் எங்கள் பொண்ணு ரீனாவும். தெருக்காரர்களிடம் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்லிவைத்தோம். உண்மையில் பெண் பார்க்கப் போவது மாதிரி ஒரு நாட்டைப் பார்க்கப் போனோம். பிடித்துவிட்டால் எண்ணூரை விட்டு ஒரேயடியாகக் கிளம்பிவிடுவது என்று என் வீட்டுக்காரரின் ஏற்பாடு. அதற்குக் காரணம் நீதான்.

கடைசி மாதங்களில் நாலு படி ஏறினாலே நீ உட்கார்ந்துவிடுவாயே, அதை ராபர்ட் மறக்கவில்லை. இப்போது எனக்கும் இருமல் வந்திருக்கிறது. பயப்படாதே, உன் அளவுக்கு இல்லை. ஆனால் நான் இருமும்போதெல்லாம் அவருக்கு உன் முகம்தான் தெரிகிறதாம். "ரீனாவுக்கு இன்னும் ஒண்ணும் இல்ல" என்று அடிக்கடி சொல்வார். அந்த 'இன்னும்' என்ற சொல்லைக் கேட்டதும் ரீனாவை இழுத்து நெஞ்சில் காது வைத்துப் பார்ப்பேன்.

நாடு எப்படி என்கிறாயா? பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருக்கிறது. பீட்டர் இருப்பது ஒரு துறைமுக ஊர். நம்மூர் மாதிரியே கிரேன், கண்டெய்னர், கப்பல். ஆனால் அங்கே கடற்கரை யாருக்கும் வேலி போட்டு மறைக்கப்படவில்லை. நாய்கள்கூட நிம்மதியாக நடக்கின்றன. குளிரில் மூக்கு சிவந்துபோயும் ரீனா நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தாள். பீட்டருக்கென்று கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பிரித்து, மோந்து பார்த்து, முகம் சுளிக்காமல் திருப்பித் தந்தாள். அவளுக்கே ஒரு பிடி கொடுத்துவிட்டு வரலாம் போல இருந்தது.

என் இருமலும் அங்கே நின்றுவிட்டது. இதையும் உன்னிடம் மறைக்க முடியாது.

போன மறுநாள் துணி துவைத்தேன். பீட்டர் வீட்டுப் பின்பக்கம் புல்தரை, நடுவே கொடிக்கயிறு. நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். ஈரத்துணி ஒன்றை எடுத்து, கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்தேன். உன் ஜன்னல் கம்பிக்கும் என் ஜன்னல் கம்பிக்கும் நடுவே நாம் கட்டிய கயிற்றைச் சாம்பல் போகத் தினமும் துடைப்போமே, அப்படி. துடைத்த துணியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. லேசாகப் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். இன்னொரு தடவை துடைத்தேன். அப்போதும் வெள்ளை.

நான் சந்தோஷப்பட்டேன் என்றுதானே நினைப்பாய்? கோபம் வந்தது அக்கா.

அதற்கப்புறம்தான் அந்தக் கூத்து. துணி பாதி காய்ந்திருக்கும். நான் சமையலறையில் இருந்தேன். ஜன்னல் திரை அதுவரை வெளியே போய்க்கொண்டிருந்தது, திடீரென்று உள்ளே அடித்தது. யோசிக்கவே இல்லை. கரண்டியோடு வெளியே ஓடி, "காத்து திரும்பிச்சி! துணிய எடுங்கடீ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நீ கத்துவாயே, தெருக்கோடி வரைக்கும், அதே சத்தம். அனல்மின் நிலையப் புகைபோக்கி பக்கமிருந்து காற்று திரும்பினால் முதலில் உனக்குத்தான் தெரியும். உன் குரல் கேட்டதும் தெருவே மாடிக்கு ஓடும், சாம்பல் இறங்குவதற்குள் துணி உள்ளே போய்விடும். நீ போனபின் கொஞ்ச நாள் யாரும் கத்தவில்லை. எல்லார் வீட்டுத் துணியிலும் சாம்பல் படிந்தது. அப்புறம் நான் ஆரம்பித்தேன். அதை ஏற்றுமதி செய்து நியூசிலாந்திலும் கத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா செருப்புகூடப் போடாமல் வேலி அருகே ஓடிவந்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டார். பீட்டர் பதறிப்போனான். "இன்னா அண்ணி இப்டி கத்திகினு! இங்கலாம் போலீசு வந்துடும்." அப்புறம் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்கினான். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே, பாவம் என்கிற பார்வை, அதை என்னால் தாங்க முடியவில்லை. நாம் என்ன பாவம் அக்கா? சாம்பலைக் கொட்டுகிறவர்களுக்குத்தானே அந்தப் பார்வை போக வேண்டும்?

அன்று சாயங்காலம் கடற்கரையில் ராபர்ட் மெதுவாக ஆரம்பித்தார். "ஜெசி, இங்க வந்துர்லாம்டி. ஒயரத்துல கிரேன் ரிப்பேர் பாக்குறவனுக்கு இங்கயும் வேல கீது. உங்கக்காவ வாரிக் குடுத்த மாரி உன்னயும்..." அதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாம வந்துர்லாம். நம்ம தெருவு?" என்றேன். "கன்னியம்மா பேத்தி? எதிர் வூட்டுப் புள்ளைங்க? அத்தினி பேருக்கும் விசா வாங்கித் தருவியா?"

"ஊருக்கெல்லாம் நீதான் மூச்சு வுடுறியா? உன் மூச்ச பாருடி!"

அவர் பயம் நியாயமானது. ஆனால் என் கோபமும் நியாயமானதுதான். அந்த ஊரிலும் விளக்கு எரிகிறது, கப்பல் வருகிறது, சரக்கு இறங்குகிறது. கயிறு மட்டும் வெள்ளையாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று என் கண்ணால் பார்த்துவிட்டேன். வளர்ச்சி வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் போக வேண்டும் என்று இத்தனை காலம் நம்மிடம் சொன்னார்களே, யாரைக் கேட்டுச் சொன்னார்கள்? நல்ல காற்று வேண்டுமென்றால் நான் ஏன் நாடு மாற வேண்டும்? நான் பிறந்த இடத்துக்கு எனக்குப் பின்னால் வந்தது அந்தப் புகை. கிளம்ப வேண்டியது யார்?

கயிறு துடைத்த துணியை அங்கே துவைக்கவில்லை. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து துணி காயப்போட்டேன். தெருவில் எல்லாரும்தான். கன்னியம்மா மாடியிலிருந்து, "நீ இல்லாம எங்க துணில்லாம் கலீஜா பூட்ச்சிடீ!" என்று வரவேற்றாள். நான் வஞ்சிர மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன், முழங்கை வரை செதில். அப்போது காற்று திரும்பியது. எனக்குத் தெரிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு எழுவதற்குள் வாசலில் ஒரு சத்தம்.

"காத்து திரும்பிச்சி! துணிய எடுங்க!"

ராபர்ட் அக்கா! என் ராபர்ட்! கடன்காரன் வந்தால்கூடச் சத்தம் போடாத மனுஷன். உன் அளவுக்கு வரவில்லை, நடுவில் குரல் உடைந்தது. ஆனால் தெரு ஓடியது. அவர் இரண்டு கையிலும் துணியை அள்ளிக்கொண்டு, உன் வீட்டு முனையில் காய்ந்த மாமாவின் லுங்கியையும் சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். லுங்கியை உதறி மடித்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்னிக்குடி?"

புதிதாக இன்னொரு புகைபோக்கி வரப்போகிறதாம். அதற்குத்தான் கூட்டம், அடுத்த வாரம். போன கூட்டத்தில் மேடையிலிருந்தவர் உன்னைச் சுருக்கமாகப் பேசச் சொன்னபோது, "மூச்சுதான் எனுக்குச் சுருக்கமா வருது சார், பேச்சயாவது நீளமா வுடுங்க" என்றாயே, நினைவிருக்கிறதா? முழுதாகப் பேசி முடிக்க உனக்கு மூச்சு போதவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாய்.

இந்தத் தடவை நான் போகிறேன். அந்த வெள்ளைத் துணியை ஒரு கையிலும், நம் கயிற்றைத் துடைத்த துணியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். ராபர்ட் பக்கத்தில் நிற்பார், நான் இருமினால் மைக்கை அவர் வாங்கிக்கொள்வார். நீ விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். யார் மணி அடித்தாலும் சரி, சுருக்கமாகப் பேச மாட்டேன் அக்கா. இது உன்மேல் சத்தியம்.

கொடிக்கயிற்றின் இந்த முனையிலிருந்து,
உன் தங்கச்சி
ஜெசி