கீழே நிற்கிற வேலை

மார்ச் 4, செவ்வாய்

டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "மாத்திரை மட்டும் போதாதுங்க. இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்" என்றாள், என்னவோ டீ குடிச்சிடலாம் என்பதுபோல. காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஊசி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. என் வயிற்றில் நானே குத்திக்கொள்ள வேண்டுமாம். பேனா மாதிரி இருக்கிறது. திருகினால் டிக் டிக் என்கிறது. பொம்மை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கடைசியில்தான் கேட்டாள்.

"டவர் கிரேன் ஓட்டறேன்."

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 6, வியாழன்

கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டான். கழுத்தில் டை, மண் படாத பூட்ஸ்.

"இன்சுலின் போடறவங்க மேல தனியா இருக்கக்கூடாது சார். சுகர் இறங்கிட்டா யார் ஏறி வந்து பாக்கறது?"

"எனக்கு இறங்கினதே இல்ல. ஏறித்தான் இருக்கு."

சிரித்தான். ஏணியில் பாதி ஏறினாலே தொடை நடுங்குகிற ஆள், எனக்கு உயரத்தைப் பற்றி வகுப்பு எடுக்கிறான்.

கீழே போட்டுவிட்டார்கள். சிக்னல் வேலை. வாக்கி-டாக்கியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற ஆபரேட்டருக்குத் தூக்கு, நிறுத்து, இறக்கு என்று சொல்ல வேண்டும். சம்பளம் குறையாதாம். குறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 7, வெள்ளி

என் கேபினுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். முப்பதுகூட இருக்காது. என் இருக்கை அவளுக்குப் பெரிசாம், முதுகுக்கு ஒரு தலையணையோடு ஏறினாள். தலையணை.

வாய் மூடுவதே இல்லை. "அண்ணே, காத்து லேசா அடிக்குது." "அண்ணே, உங்க வலது பக்கமா, என் வலது பக்கமா?" மைனா என்று பெயர் வைத்திருக்கிறேன். மனசுக்குள்தான். வாய்விட்டு வேறு என்னென்னவோ சொல்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் ஒரு டப்பாவோடு வந்தான். "மாமா, இங்கிலீஷ் மருந்தத் தொட்டா அப்புறம் விடாது. இந்தப் பொடிய வெந்நீர்ல கலக்கிக் குடிங்க." எந்த வேலையிலும் நிலைக்காதவன் என் உடம்பை நிலைநிறுத்த வந்துவிட்டான். பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். டப்பா நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

நான் குத்திக்கொள்கிற நேரத்தில் என் வீட்டுக்காரி, இவள், சமையலறைக்குப் போய்விடுகிறாள். அங்கிருந்தே "ஆச்சா?" என்கிறாள். "உனக்கா குத்தறாங்க?" என்று கேட்டேன். அழுதாள். கட்டிக்கொண்டவளுக்கு ஊசியைப் பார்க்கத் தைரியம் இல்லை. எனக்கு மட்டும் இருக்கிறதாக்கும்.

மார்ச் 13, வியாழன்

சுகர் இறங்கினால் வாயில் போட, சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். ஐம்பத்திரண்டு வயசில் மிட்டாய். இவள் தினமும் போட்டு அனுப்புகிறாள். நான் தினமும் வாசலில் செருப்பு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். சைட்டில் ஏற்கெனவே என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்கள் முன்னால் மிட்டாயை வேறு சப்ப வேண்டுமா?

மார்ச் 20, வியாழன்

ஒரு காண்ட்ராக்டர் போன் செய்தான். ஊருக்கு வெளியே புது சைட், கிரேனுக்கு ஆள் இல்லையாம். "மெடிக்கல் சர்ட்டிபிகேட் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஏறினா போதும்." ஒன்றாம் தேதி வரச் சொன்னான். திருட்டுப் பயல். குரலிலேயே தெரிகிறது.

வருகிறேன் என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

இவளிடம் சொல்லவில்லை. டை கட்டினவனிடமும் சொல்லவில்லை. ஏறப்போகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 26, புதன்

கை இன்னும் சரியாக நிற்கவில்லை. எழுத்து கோணல்.

காலையில் ஊசி போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போனேன். போனதும் கம்பிக்கட்டு தூக்க வேண்டும் என்றார்கள். ஒரு லோடு முடிந்ததும் சாப்பிடலாம் என்று நினைத்தேன் — இல்லை, பொய். எல்லோரும் வேலை செய்யும்போது நான் மட்டும் நோயாளி மாதிரி டப்பாவைத் திறப்பதா என்று நினைத்தேன்.

கம்பிக்கட்டு மேலே இருந்தது. சட்டை திடீரென்று தொப்பலாக நனைந்தது. வெயில்கூட இல்லை. வாக்கி-டாக்கியில் பேசினேன். என்ன பேசினேனோ தெரியாது. இறக்கு, இறக்கு என்றேனாம். நேர் கீழே இரண்டு பேர் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிரேன் அசையவில்லை. மைனாவின் குரல் மட்டும் கேட்டது. "இறக்க மாட்டேன். கீழ யாராவது அண்ணனைப் போய்ப் பாருங்க."

அப்புறம் மண்தரை. யாரோ வாயில் ஜூஸ் ஊற்றினார்கள். டை கட்டினவன் மண்டிபோட்டு என் தலையைப் பிடித்திருந்தான். பூட்ஸெல்லாம் சேறு.

என்ன மனுஷன்டா நான். ரெண்டு பேர். ரெண்டு பேர் கீழ நின்னாங்க.

மார்ச் 27, வியாழன்

வேலை முடிந்து மைனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சைட்டில் நடந்த எல்லாவற்றையும் இவளிடம் ஒப்பித்தாள். இவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கேட்டேன். "நான் இறக்குன்னு சொன்னேன். ஏன் இறக்கல?"

"நீங்க திட்டலையே அண்ணே."

"என்ன?"

"ஒவ்வொரு தடவையும் 'ஏய் தூங்குமூஞ்சி'ன்னு ஆரம்பிச்சுதானே எதுவும் சொல்வீங்க. நேத்து வெறும் இறக்குன்னீங்க. தங்கமான மனுஷன் மாதிரி. அதான் பயந்துட்டேன்."

இவள் சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் தடவை. என் மானம் போனதில் இவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 31, திங்கள்

காண்ட்ராக்டர் கூப்பிட்டான். "நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"வரல. எனக்குச் சுகர் இறங்குது. கீழ ஆளுங்க நிப்பாங்க."

"அதெல்லாம் பாத்தா வேலை நடக்குமா சார்?"

இப்படிப் பேசுகிறவனிடம் போய் வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே. போனை வைத்தபோது இவள் கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ. தட்டு வைத்தாள். ஊசிப் பேனாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். உள்ளே போகாமல் எதிரில் உட்கார்ந்து, நான் குத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் என்னவோ புளியைக் கடித்த மாதிரிதான் இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

இன்று கான்கிரீட் நாள். எஞ்சினியர் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தான், உலகத்தில் முதல் தளம் போடுகிறவன் அவன்தான் என்று நினைப்பு. நடுவில் எனக்கு நெற்றி லேசாக வியர்த்தது. விரலைக் குத்திச் சுகர் பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏய் தூங்குமூஞ்சி, கொக்கிய மேலயே நிறுத்து. நான் சாப்பிடணும்."

"நிறுத்திட்டேன் அண்ணே. மெதுவா சாப்பிடுங்க."

எஞ்சினியர் ஓடி வந்தான். "இப்பவா சார்? கான்கிரீட் லாரி நிக்குதே."

வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு, மணல் மூட்டைமேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நிற்கட்டும் என்று கையைக் காட்டினேன். லாரி நின்றது, கிரேன் நின்றது, எஞ்சினியரும் நின்றான். கடைசி வாய்வரை மென்று தின்றேன்.