வளையம் ஒட்டிய படம்

சின்னவளின் அப்பாவுக்கு,

வானியல் சங்கக் கண்காட்சியில் இருக்கும் என் சனி கிரகப் படத்துக்கு வளையம் ஒட்டியது நீங்கள்தானாமே. "பாவம், மூளியா இருந்துச்சு, நான்தான் சரி பண்ணிக் குடுத்தேன்" என்று பெருமை வேறு.

பதினைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த வளையம் விளிம்பை மட்டும் காட்டி நம் கண்ணிலிருந்து மறையும். அதைப் பிடிக்கத்தான் வாரக்கணக்கில் டெலஸ்கோப்போடு மொட்டைமாடியில் கிடந்தேன். யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள்?

உங்களுக்கு எதுவும் குறையாகத் தெரியக்கூடாது. நான் உங்களைப் பிரிந்து தனி வீடு பார்த்து வந்த பிறகு எடுத்த குடும்பப் படத்திலும் என்னைப் பழைய படத்திலிருந்து வெட்டி, உங்கள் தோளருகே சிரிக்க வைத்து, கூடத்தில் மாட்டியிருக்கிறீர்களாம். சின்னவள் சொன்னாள்.

முதலில் வளையத்தை எடுங்கள். அப்புறம் என்னை.

படம் எடுத்தவள்