குங்குமம் பட்ட நூலகப் புத்தகம்

என் அன்புள்ள அண்ணி,

நீங்கள் இரவல் வாங்கிய நட்சத்திரப் புத்தகத்தை நேற்று குளுவாங் நூலகத்தில் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்டால் சந்தோஷப்படுவீர்களா, கோபப்படுவீர்களா? நீங்கள் இருந்தபோதே உங்கள் கோபம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்குப் பிடிபட்டதில்லை.

சரஸ்வதி பூசைக்கு வீட்டிலிருந்த புத்தகங்களையெல்லாம் அடுக்கினீர்களே. என் பாட்டுப் புத்தகம், என் கணவரான உங்கள் தம்பியின் மெஷின் கையேடு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த நூலகப் புத்தகம்.

“லைப்ரரி புக்கு அண்ணி, அதுக்குப் பொட்டு வைக்காதீங்க” என்றேன்.

“எல்லாத்துக்கும் வெச்சிட்டு, அது மட்டும் வெறும் நெத்தியா நிக்கணுமா?” என்று கேட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து திருநீறு மட்டுமே கண்ட நெற்றி உங்களுடையது. அதற்கு மேல் நான் எப்படித் தடுப்பேன்? சந்தனத்தைத் தடவி, மோதிர விரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தீர்கள்.

அன்றுதான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். சாமியிடம் வைத்ததை அன்றே எடுக்கக் கூடாது, மறுநாள் எடுத்து நாலு வரி படித்துவிட்டுத்தான் கொண்டுபோவேன் என்றீர்கள். மறுநாள் விடிந்தது. நீங்கள்தான் எழுந்திருக்கவில்லை.

துக்க வீட்டில் கருமாதி முடியும்வரை சாமி மேடையை யாரும் தொடவில்லை. புத்தகம் அங்கேயே கிடந்தது. நான் எடுத்தபோது சந்தனம் காய்ந்து அட்டை சுருங்கி, உள்தாள்கள்வரை சிவப்பு இறங்கியிருந்தது. ஆனால் அட்டையில் உங்கள் விரல் ரேகை வளைவு வளைவாக அப்படியே நின்றது. உங்கள் தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நூலகத்தில் மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண்.

“அலமாக்! என்னக்கா இது, ரசத்தை ஊத்திட்டீங்களா?”

“ரசம் இல்லம்மா. பூசையில வெச்சது.”

“லைப்ரரி புக்கையா? நல்லவேளை, தேங்காய் ஒடைக்காம விட்டீங்க!” என்று சிரித்தாள். “கார்டு வேற பேருல இருக்கேக்கா. அவங்க வரலையா?”

நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த விரல் அவங்களோடதா?”

தலையசைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, எப்படிப் பார்த்தாலும் புது புக்கு ஒண்ணு நீங்க வாங்கித் தரணும். ரோசாக்னு, கெட்டுப்போச்சுன்னு போட்டா, இதை நாங்க எடுத்துக்கிட்டுத் தூக்கிப் போட்டுடுவோம். ஹிலாங்னு, தொலைஞ்சு போச்சுன்னு போட்டா, இது உங்ககிட்டயே இருக்கும். பேசாம பைக்குள்ள வெச்சிடுங்க. நான் பாக்கலைலா.”

எவ்வளவு நல்ல பெண், அண்ணி! ஒரு சொல் சொன்னால் போதும், உங்கள் விரல் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். என் கையும் பையைத் திறந்துவிட்டது.

வீட்டுக் கணக்கில் கடைக்காரனிடம் ஏமாந்தால்கூட ஏமாந்தேன் என்றே எழுதிப் பழகியவள் நான். கண்ணெதிரே இருக்கும் புத்தகத்தை, அதுவும் கலைமகள் முன் வைத்து எடுத்ததை, தொலைந்தது என்று எப்படிச் சொல்வேன்? அதுவும் உங்கள் பெயருக்கு நேராக. பஸ்ஸில் ஒரு குடையைக்கூட மறந்து வைக்காத உங்களைத் தொலைத்தவள் ஆக்கிவிட்டு, அந்தப் புத்தகத்தை எந்த முகத்தோடு கும்பிடுவேன்?

“ரோசாக்னே போடும்மா.”

“யோசிச்சுக்கங்கக்கா. உள்ள போயிட்டா திருப்பி எடுக்க முடியாது.”

“போடும்மா.”

முத்திரை குத்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்தேன். பிறகு அவள் புத்தகத்தை மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமும்வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து படத்தைத் திறந்தால் ரேகையைக் காணோம். சிவப்பாக ஒரு கறை மட்டும்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து உங்கள் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அக்கா விரலைக் குடுத்துட்டு வந்துட்டியா?” என்றார். “ஒரு பொய்தானே தனம். அதுக்கா சாமி கோவிச்சுக்கப் போகுது?”

“உங்க அக்கா தொலைச்சிட்டாங்கன்னு எழுதச் சொல்லவா?”

“அக்காவே இல்ல. அவங்க பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள், அண்ணி? நான் காப்பாற்றியது உங்கள் பெயரையா, இல்லை என் மனசாட்சியையா? சாமி மேடை முன் உட்கார்ந்து கேட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நேற்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தட்டில் பாதி சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். அழுதால்கூட நன்றாக இருக்கும். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அவர் அழவில்லை, தெரியுமா?

புதுப் புத்தகத்துக்குக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் வாக்கு என்று நான் தருவது வேறு. நான் செய்ததுதான் சரியென்று அவரிடம் ஒருநாளும் வாதாட மாட்டேன். அவர் கோபம் தீரும்வரை, தீராமலே போனாலும், அவருக்குச் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்காக அவர் அழும் அன்று எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அண்ணி.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
தனலெட்சுமி