முதலாளி அமர்த்திய வக்கீல்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? வெறும் தரையில் படுக்கிறீர்களே என்பதுதான் நாள் முழுக்க நினைப்பு. பெரியவளுக்குக் காதில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. இப்போது நான் முணுமுணுப்பதுகூட அவளுக்குக் கேட்கிறது. சின்னவள் விழுந்த பல்லை விழுங்கிவிட்டு, வயிற்றில் பல் முளைக்குமா என்று இரண்டு நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை வக்கீலம்மா வீட்டுக்கே வந்தார். முதலாளி அமர்த்திய வக்கீல்தானே, அவர் சொல்லி அனுப்பியதைச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்தவர் உட்காரக்கூட இல்லை. "உங்க முதலாளி கட்டின பீஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன்மா" என்றார்.

நீங்கள் சிறையில் என்ன பேசுகிறீர்கள் என்று இவர் வாராவாரம் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றாராம் முதலாளி. நீங்கள் பார்த்துக்கொண்ட கிடங்கு லிப்டின் கம்பி, அறுந்து விழுமுன்பே தேய்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்றும் கேட்டாராம். "பீஸ் யாரு வேணா கட்டலாம், உங்க வீட்டுக்காரர் சம்மதிச்சா. ஆனா கட்டினவர் கேஸை நடத்த முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசினதைக் கேக்கவும் முடியாது. இதுக்கு ஒத்துக்கிட்டா நான் வக்கீலாவே இருக்க முடியாது" என்றார். உங்களிடமும் முந்தின நாள் சொன்னாராம். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னீர்களாம்.

விட்டுப் போகாதீர்கள், விடுதலையானால் எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அதற்கும் மறுத்துவிட்டார். "ஜெயிச்சாத்தான் பீஸ்னு கிரிமினல் கேஸ்ல பேசவே கூடாதும்மா. சின்னத் தண்டனையோட முடிச்சுக்கறதுதான் அவருக்கு நல்லதுன்னு நாளைக்கு வந்தா, என் காசு போயிடுமேன்னு நான் அதை மறைச்சிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயம் பேச இவருக்கு நம் வீடுதானா கிடைத்தது என்றிருந்தது. அவர் தெருமுனைக்குப் போன பிறகுதான் உறைத்தது, இந்த மூன்று மாதத்தில் நம்மிடம் உள்ளதை உள்ளபடி பேசிய முதல் ஆள் அவர்தான் என்று. செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே தொகை என்று பேசிக் காகிதத்தில் எழுதியாகிவிட்டது. உங்கள் பைக்கை விற்று முன்பணம் கொடுத்தேன். ஹாரன் அடிக்கவில்லை என்று வாங்கியவர் விலையைக் குறைத்தார். ஓட்டுகிறவரே வழியெல்லாம் கத்திக்கொண்டு போவார், ஹாரன் எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.

முதலாளி ஆளனுப்பி, பெரியவளின் ஆபரேஷனுக்குப் பணத்தோடு ஓடி வந்தது யார் என்று ஞாபகப்படுத்தினார். உயிருள்ளவரை மறக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். அது வேறு, இது வேறு.

அந்த லிப்ட் விழுந்து இறந்துபோன மூட்டை தூக்குபவரின் மனைவியை நீதிமன்ற வராந்தாவில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. யாரைக் கோபிப்பது என்று அவருக்கும் சரியாகத் தெரிய வேண்டாமா?

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்களாம். அதனால் அந்த விபத்துக்கு முந்தின வாரம் நீங்கள் போனில் யாரிடம் என்ன கெஞ்சினீர்கள் என்று அடுப்படியிலிருந்து நான் கேட்டதை இங்கே எழுதவில்லை.

வியாழக்கிழமை வக்கீலம்மா அந்தக் காகிதத்தோடு வருவார். கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டு அவரிடம் வாயைத் திறந்து பேசுங்கள். நீங்கள் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் இந்தக் கதவு திறக்கும். செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மனைவி