மஞ்சள் தவளை

ஹப்சிகுடா, மார்ச் 2009

டேய்,

இரண்டு வருஷமாய்ப் பேசாதவன் மெயில் போடுகிறேன். திறந்து படி.

ஞாயிறன்று ஏரிக்கரையில் அவரவர் பிடித்த மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மௌலா அலியிலிருந்து வரும் யேசுதாஸ் அண்ணன், "என் தூண்டில்ல கட்டின ரப்பர் தவளைக்கு நாலு கிலோ விரால் மாட்டிச்சுப்பா. அது வாயில ஏற்கெனவே இன்னொரு தவளை, அறுந்த தூண்டில் நரம்போட!" என்று அந்த இன்னொன்றை எடுத்துக் காட்டினார். மஞ்சள் தவளை. கண்களில் அனுபமாவின் நெயில்பாலிஷால் நீ தீட்டிய சிவப்பு. அதை நீ யாருக்கும் இரவல்கூடத் தரமாட்டாய்.

உன் வீட்டுக்குப் போனேன். "அவருக்குப் பெங்களூர்ல ட்ரெயினிங்ணா, போய்ப் பத்து நாளாச்சு" என்றாள் அனுபமா. உன் ஆபீஸில் கேட்டால், ஜனவரியிலேயே உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

திரும்பவும் ஏரிக்குப் போனேன். புதருக்குப் பின்னால் உன் பைக் நிற்கிறது. சீட்டைச் சருகு மூடியிருக்கிறது.

நாளைக் காலை போலீசுக்குப் போகிறேன். அதற்குள் என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுடா.

சண்டையை ஆரம்பித்தவன்